பதக்கம் சொல்வதும் டேப் சொல்வதும்

2025 மே 16, கத்தார் தலைநகர் தோஹா. டயமண்ட் லீக் தடகளப் போட்டியின் மூன்றாவது சுற்றில் நீரஜ் சோப்ரா எறிந்த ஈட்டி 90.23 மீட்டர் தள்ளிப் போய்க் குத்தியது. அதுவரை எந்த இந்தியரும் தொடாத தூரம். ‘90 எப்போது?’ என்று ஆண்டுக்கணக்கில் அவர் போகுமிடமெல்லாம் கேட்கப்பட்ட கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. ஆனால் கடைசிச் சுற்றில் ஜெர்மனியின் ஜூலியன் வெபர் 91.06 மீட்டர் எறிந்துவிட்டார். வாழ்நாளின் மிகச் சிறந்த எறிதலோடு நீரஜ் இரண்டாம் இடத்தில் நின்றார்.

ஏதோ ஒரு நாள் அதிர்ஷ்டம் கைவிட்டது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2022இல் ஸ்டாக்ஹோமில் 89.94 மீட்டர் எறிந்தார்; கிரெனடாவின் ஆண்டர்சன் பீட்டர்ஸ் 90.31 எறிந்து முந்தினார். 2024இல் லொசானில் 89.49, அங்கும் இரண்டாம் இடம். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 89.45, பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையோடு தங்கத்தைக் கொண்டுபோனார். 2025 முடிய நீரஜ் கலந்துகொண்ட போட்டிகளில் அவருடைய ஈட்டி மிக அதிகத் தூரம் போனது இந்த நான்கில்தான். நான்கிலும் அவருக்கு இரண்டாம் இடமே.

தங்கம் வாங்கிய இடங்களைப் பார்த்தால் கணக்கு இன்னும் விசித்திரமாகிறது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நாடே கொண்டாடிய எறிதல் 87.58 மீட்டர். 2023இல் புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம் தந்தது 88.17. பாரிஸில் வெள்ளி வாங்கிய எறிதல், டோக்கியோவில் தங்கம் வாங்கியதைவிட ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவின் கணக்கு வேறு மாதிரி. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். பதக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது படிப்படியான சறுக்கல். உயரத்தைப் பார்ப்பவருக்கோ எட்டு ஆண்டுகளில் வெறும் நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். பாரிஸுக்குச் சில மாதங்கள் முன்னால்கூட, கோபேயில் நடந்த உலக பாரா தடகள சாம்பியன்ஷிப்பில் அவர் 1.88 தாண்டித் தங்கம் வாங்கியிருந்தார்.

களத்தில் எத்தனையாவது இடம் என்பதை ஒருவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அன்றைக்கு யார் வந்தார்கள், யாருக்குக் காயம், யாருடைய தோள் நன்றாகச் சுழன்றது என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. தூரமும் உயரமும் நேரமும் அப்படி ஆளைப் பார்த்து மாறுவதில்லை. ‘மற்றவரோடு ஒப்பிடாதே, உன்னோடு ஒப்பிட்டுப் பார்’ என்ற அறிவுரை எல்லா வீடுகளிலும் உண்டு. பெரும்பாலும் அது தோற்றுப்போன பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுக்கச் சொல்வது. விளையாட்டு, கல்வி, மருத்துவம் ஆகிய துறைகளில் அதே அறிவுரையைக் கறாரான கணக்காகச் செய்துவருகிறார்கள். அங்கே அதற்கு அளவுகோல் உண்டு, நோட்டு உண்டு, ஏமாந்துபோகும் வழிகள் எவையெவை என்ற பட்டியலும் உண்டு.

பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து

தடகளப் போட்டி முடிந்ததும் வெளியாகும் முடிவுப் பட்டியலில் சிலருடைய நேரத்துக்குப் பக்கத்தில் ‘பிபி’ என்று இரண்டு எழுத்து இருக்கும். ‘பெர்சனல் பெஸ்ட்’, அந்த வீரர் வாழ்நாளில் எட்டிய சிறந்த அளவு. ‘எஸ்பி’ என்று இருந்தால் அந்தப் பருவத்தின் சிறந்த அளவு. தகுதிச் சுற்றில் ஏழாவதாக வந்து வெளியேறும் ஒருவர் திரையை நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் குழம்பியிருக்கலாம். அவர் பார்த்தது அந்த இரண்டு எழுத்தைத்தான்.

சென்னையில் மெரினாவிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விடியற்காலையில் ஓடும் கூட்டத்துக்கும் இது பழகிய சொல். மாரத்தானில் கலந்துகொள்ளும் ஆயிரக்கணக்கானோரில் பரிசுத்தொகையை மனத்தில் வைத்து ஓடுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களெல்லாம் போன ஆண்டின் தங்களோடுதான் போட்டியிடுகிறார்கள். மார்பில் குத்திய எண் அட்டையோடு இருக்கும் சிறு சிப், ஓடுபவர் தொடக்கக் கோட்டில் விரித்த பாயைக் கடக்கும் நொடியிலிருந்து நேரத்தைக் கணக்கிடுகிறது. கூட்டத்தில் பின்னால் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் தாமதமாகக் கோட்டைத் தாண்டினாலும் அவருடைய சொந்தக் கணக்கு கெடுவதில்லை.

இந்த எண்ணத்தையே அடித்தளமாக வைத்து வளர்ந்த ஒன்று பார்க்ரன். 2004 அக்டோபர் 2இல் லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹெவிட் என்பவர் தொடங்கிவைத்தார். முதல் நாள் ஓடியவர்கள் 13 பேர். சனிக்கிழமைதோறும் 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, பரிசும் கிடையாது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. இது பந்தயம் இல்லை என்று அமைப்பாளர்கள் விடாமல் சொல்லிவருகிறார்கள். ஆனாலும் நேரத்தை மட்டும் வாராவாரம் எடுத்துப் பதிவுசெய்கிறார்கள். பிபி ஓடியவருக்கு அதைத் தனியாகக் குறித்தும் காட்டுகிறார்கள்.

இடமும் அளவும் எவ்வளவு தூரம் விலகிப்போக முடியும் என்பதற்கு இந்தியாவில் பி.டி. உஷாவைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை அவர் 55.42 விநாடியில் முடித்தார். ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜொகாரு 55.41. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலம் போயிற்று. அந்த நான்காம் இடத்தின் துக்கத்தை நாடு நாற்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த 55.42தான் உஷா அந்த ஓட்டத்தில் வாழ்நாளில் எட்டிய சிறந்த நேரம் என்பதை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. அந்தத் தேசியச் சாதனையை இன்னொரு இந்தியப் பெண் எட்டிப்பிடிக்க 39 ஆண்டுகள் ஆயின. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே 55.42 விநாடியில் ஓடினார். நூறில் ஒரு பங்குகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அளவுகோல் இல்லாத இடத்தில் அடுத்த வீடு

மனிதர்கள் ஏன் அடுத்தவரைப் பார்க்கிறார்கள்? அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தன் திறமை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் உந்துதல் எல்லாருக்கும் இருக்கிறது. அதை நேரடியாக அளக்க வழி இருந்தால் மனிதர்கள் அளந்துகொள்கிறார்கள். வழி இல்லாதபோதுதான் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்கள். அதிலும் ஏறக்குறையத் தன்னைப் போன்றவரையே பார்க்கிறார்கள் என்றார் அவர்.

ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்க முடியுமா என்று தெரியவேண்டுமானால் தூக்கிப் பார்த்தால் போதும். நல்ல தகப்பனா, போதுமான சம்பளமா, பிள்ளை சரியாகப் பேசுகிறதா என்பதற்கெல்லாம் தராசு கிடையாது. ஆகவே கண் தானாகவே எதிர் வீட்டுக்குப் போகிறது. அம்பானியைப் பார்த்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை; கூடப் படித்தவன் வாங்கிய காரைப் பார்த்துத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். பொறாமை என்று இதைத் திட்டுவதால் பயனில்லை. ஃபெஸ்டிங்கர் சொன்னதைத் திருப்பிப் போட்டால் ஒரு வழி கிடைக்கிறது: நேரடியாக அளக்க ஒரு வழி கிடைத்துவிட்டால், அடுத்தவரைப் பார்க்கவேண்டிய தேவை கொஞ்சம் குறையும்.

அடுத்தவரை வைத்து அளந்தால் ஒரே சாதனை எப்படி உருமாறுகிறது என்பதை 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. விக்டோரியா மெட்வெக், ஸ்காட் மேடி, தாமஸ் கிலோவிச் மூவரும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் ஒளிப்பதிவுகளை எடுத்து, பதக்கம் வாங்கியவர்களின் முகங்களைச் சிலருக்குக் காட்டி, மகிழ்ச்சிக்கு 10க்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். முடிவு தெரிந்த நொடியில் வெண்கலம் வென்றவர்களுக்குச் சராசரியாக 7.1, வெள்ளி வென்றவர்களுக்கு 4.8. மேடையேறிய பிறகும் வெண்கலமே முன்னால் நின்றது. வெள்ளி வாங்கியவர் தங்கத்தைத் தவறவிட்டதை நினைக்கிறார். வெண்கலம் வாங்கியவரோ வெறுங்கையோடு போயிருக்க வேண்டியதை நினைக்கிறார் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நன்றாகச் செய்தவர்தான் அதிகம் வருந்தினார்.

ரேங்க் கார்டின் குறுக்கும் நெடுக்கும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்று கட்டங்களோடு ரேங்க் கார்டு வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போடும் அப்பாவின் கண் முதலில் போய் நிற்பது ‘எத்தனையாவது ரேங்க்?’ என்ற இடத்தில். அதே அட்டையில் கணக்குப் பாடத்தின் வரிசையை இடமிருந்து வலமாகப் படித்தால் 41, 48, 57 என்று இருக்கலாம். பிள்ளை நன்றாக ஏறிவந்திருக்கிறாள். வகுப்பே சேர்ந்து ஏறியிருந்தால் ரேங்க் மட்டும் 22இலேயே நிற்கும்.

2017 மே மாதம் வரை பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கம் எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. மாநில முதலிடம் வாங்கியவருக்கு அம்மாவும் அப்பாவும் இரு பக்கமும் நின்று இனிப்பு ஊட்டும் படம். அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு மாநில, மாவட்ட ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. மாணவர்களிடையே தேவையற்ற போட்டியையும் மன அழுத்தத்தையும் குறைக்கவே இந்த முடிவு என்று சொல்லப்பட்டது. முதலிடப் போட்டி அத்தோடு ஒழிந்துவிடவில்லை; நுழைவுத் தேர்வுகளின் தரவரிசைக்கு இடம்பெயர்ந்தது.

சொந்த ஊரில் முதலாவதாக வந்த பிள்ளை பெரிய கல்லூரிக்குப் போனதும் சுருண்டுவிடுவதைப் பல குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு மாணவர்களில், சராசரிப் பள்ளியில் படிப்பவர் தன்னைத் திறமைசாலி என்று நம்புகிறார். பொறுக்கியெடுத்த மாணவர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தன்னை மட்டம் என்று நினைக்கிறார். மூளை அதேதான், பாடமும் அதேதான். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் வேறு.

ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ மார்ட்டின் விளையாட்டு மைதானத்தின் பிபியை வகுப்பறைக்குக் கொண்டுவந்து பார்த்தார். போன முறையைவிட ஒரு படி மேலே என்று சொந்தக் குறி வைத்துக்கொள்ளும் மாணவர்கள் பள்ளியை அதிகம் விரும்புகிறார்கள், வகுப்பில் அதிகம் பங்கெடுக்கிறார்கள், கடினமான பாடத்தைப் பாதியில் விட்டுவிடுவதில்லை என்று 2006இல் வெளியான அவருடைய ஆய்வு காட்டியது.

ரேங்க் இல்லாத தேர்வு தமிழ்நாட்டுக்குப் புதியதும் அல்ல. தெருவுக்குத் தெரு இருந்த தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹையர் என்று படித்தவர்களுக்கு அது தெரியும். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். அந்த வேகத்தைப் பிழையில்லாமல் எட்டியவர் எல்லாரும் தேறிவிடலாம். பக்கத்து மிஷினில் அடிப்பவர் தேறியதால் இவருக்கு இடம் போய்விடாது. ஆகவே அங்கே படித்தவர்கள், ‘இந்த மாசம் எத்தனை ஸ்பீடு வந்திருக்கு?’ என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

எடைத் தராசும் ஒரு கோடும்

ஒருவரை அவரோடே ஒப்பிடுவது உயிரைக் காக்கும் வேலையாகவும் இருக்கிறது. அதைக் காண அங்கன்வாடிக்குப் போகவேண்டும்.

பிறந்த குழந்தைக்குத் தரப்படும் அட்டையில் வளர்ச்சி வரைபடம் இருக்கும். கீழே வயது, பக்கவாட்டில் எடை, நடுவே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு பட்டைகள். மாதாமாதம் எடை பார்த்து ஒரு புள்ளி வைக்கிறார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. பட்டைகள் மற்றக் குழந்தைகளை வைத்து வரைந்தவை. இந்தியா உட்பட ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட தரங்களே இன்று பயன்படுகின்றன. ஆனால் அனுபவமுள்ள பணியாளர் முதலில் பார்ப்பது புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிட, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான். எடை குறைவாகப் பிறந்து, பட்டையின் அடிப்பகுதியிலேயே ஒழுங்காக மேலேறிவரும் குழந்தையைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட மாட்டார். கொழுகொழுவென்று பச்சைக்குள் இருந்தும் இரண்டு மாதமாகக் கோடு படுத்துக்கிடந்தால் கவலைப்படுவார். காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, வீட்டில் சாப்பாட்டுக் குறையோ அந்தப் படுத்த கோட்டில்தான் முதலில் தெரியும்.

தமிழ்நாடு இந்தக் கருத்தை ஒரு திட்டமாகவே நடத்திக்காட்டியது. உலக வங்கியின் உதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைக் கிராமத்திலேயே மாதாமாதம் எடை பார்த்தார்கள். எல்லாருக்கும் எப்போதும் உணவு தருவதற்குப் பதிலாக, தன் முந்தைய எடையிலிருந்து போதிய அளவு ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்து அதற்கு 90 நாள் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்தினார்கள். அம்மாக்களுக்கும் அந்தக் கோட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ‘எதிர் வீட்டுக் குழந்தை எப்படி இருக்கான் பாரு’ என்ற ஊர்ப் பேச்சுக்கு இடையில், தன் பிள்ளையின் போன மாதப் புள்ளியைப் பார்க்கச் சொல்லித்தந்த திட்டம் அது.

நினைவு போடும் பொய்க் கணக்கு

இதுவரை சொன்ன எல்லா இடங்களிலும் ஒரு பொது அம்சம் உண்டு. நேற்றைய எண் எங்கேயோ எழுதப்பட்டிருக்கிறது. எழுதாமல் மனக்கணக்காகத் தன்னைத் தன்னோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்?

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கான்வே, மைக்கேல் ராஸ் இருவரும் 1984இல் ஒரு சுவையான சோதனையை வெளியிட்டார்கள். படிக்கும் திறனை வளர்க்கும் பயிற்சியில் சேர்ந்த மாணவர்களிடம், பயிற்சிக்கு முன் தங்கள் திறனுக்குத் தாங்களே மதிப்பெண் போடச் சொன்னார்கள். பயிற்சி முடிந்ததும், அன்று எவ்வளவு போட்டீர்கள் என்று நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். பயிற்சி பெற்றவர்கள் தாங்கள் உண்மையில் போட்டதைவிடக் குறைவாகவே சொன்னார்கள். தேர்வு மதிப்பெண்களில் முன்னேற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் முன்னேறிவிட்டதாக நம்பினார்கள், ஏனெனில் பழைய தங்களைக் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள். பின்னர் ஆன் வில்சனோடு சேர்ந்து ராஸ் 2001இல் வெளியிட்ட ஆய்வுகளிலும் இதே போக்கு தெரிந்தது. தொலைவில் உள்ள பழைய தன்னை மட்டம் தட்டி, இன்றைய தன்னை உயர்த்திக்கொள்வது மனிதர்களின் வழக்கம்.

மற்றவரைப் பார்ப்பது பொறாமைக்கு இழுத்துச்செல்கிறது என்றால், பழைய தன்னைப் பார்ப்பது தற்பெருமைக்கு இழுத்துச்செல்லக்கூடும். தடுப்பது கையெழுத்தில் இருக்கும் எண் ஒன்றுதான்.

எண் இருந்தாலும் இரண்டு நாளும் ஒரே மாதிரி நாளாக இருக்கவேண்டும். தடகளம் இதில் மிகக் கறார். 100 மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் பின்னாலிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த அளவு சாதனையாக ஏற்கப்படாது. வீட்டில் எடை பார்ப்பவரும் காலையில் வெறும் வயிற்றோடு ஒரு நாள், கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாள் என்று பார்த்தால் கணக்கு உதவாது. சென்னையில் டிசம்பரில் ஓடியதையும் மே மாதத்தில் ஓடியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான்.

வயது இன்னொரு சிக்கல். பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங், எண்பதுகளைக் கடக்கும் வயதில் தீவிர ஓட்டத்துக்கு வந்தவர். 2003இல், 92 வயதில், டொரொண்டோ மாரத்தானை 5 மணி 40 நிமிடத்தில் முடித்தார். 2011இல், நூறாவது வயதில், அதே ஊரில் 8 மணி 11 நிமிடம் ஆனது. பழைய நேரத்தோடு மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டரை மணி நேரம் பின்னடைவு. ஆனால் அந்த 2011 ஓட்டத்தைத்தான் உலகமே வியந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகம் மட்டும் அதை ஏற்கவில்லை.

மூத்தோர் தடகளத்தில் இதற்கென்றே வயதுவாரி அட்டவணை உண்டு. ஒருவருடைய நேரத்தை, அந்த வயதில், அந்தப் பாலினத்தில் எட்டக்கூடிய சிறந்த நேரத்தோடு வைத்துச் சதவீதமாகச் சொல்கிறது. நேரம் ஆண்டுக்காண்டு கூடினாலும் சதவீதம் அப்படியே நிற்கலாம், ஏறவும் செய்யலாம். அறுபது வயதுக்காரர் நாற்பது வயதுத் தன்னோடு மல்லுக்கட்டி மனம் நொந்துபோகாமல் இருக்க இது ஒரு ஏற்பாடு. இந்த அட்டவணை உருவானதும் மற்ற ஓட்டக்காரர்களின் நேரங்களிலிருந்துதான்.

அடுத்தவர் எதற்கு வேண்டும்?

ஆக, அடுத்தவரைப் பார்க்கவே கூடாது என்பது சரிவராது. மருத்துவக் கல்லூரியில் நூறு இடத்துக்கு ஆயிரம் பேர் வந்தால் ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும். தன் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதே தெரியாமல் போகலாம். நீரஜ் 2024 முடிவில் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தவர் செக் நாட்டின் யான் ஜெலஸ்னி. 1996இல் ஜெர்மனியின் யேனா நகரில் அவர் எறிந்த 98.48 மீட்டர்தான் ஈட்டி எறிதலின் உலக சாதனை. அவரோடு பயிற்சி செய்த முதல் பருவத்திலேயே 90 வந்தது. 98.48ஐ வைத்துத் தினமும் தன்னை மட்டம் தட்டிக்கொள்வது ஒன்று. அதை எறிந்தவரிடம் கால் எங்கே ஊன்றவேண்டும் என்று கேட்டுக்கொள்வது வேறொன்று.

ஒப்பிட ஆளே மிஞ்சாதவர்களும் உண்டு. கோலூன்றித் தாண்டுதலில் செர்கே புப்கா 1984 முதல் 1994 வரை திறந்தவெளியில் 17 முறையும் உள்ளரங்கில் 18 முறையும் உலக சாதனை படைத்தார். பெரும்பாலும் உடைத்தது தன் சாதனையையே. திறந்தவெளிச் சாதனை 5.85 மீட்டரிலிருந்து 6.14க்குப் போனது: பதினாறு படியில் 29 சென்டிமீட்டர். ஒவ்வொரு சாதனைக்கும் பரிசுப் பணம் கிடைத்ததால்தான் பொடிப்பொடியாக உயர்த்தினார் என்று கேலி செய்தவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் சின்னப் படி மனிதர்களை நகர்த்தும் என்பதற்கு அலுவலகங்களிலும் சான்று இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த தெரசா அமபில், ஸ்டீவன் கிராமரோடு சேர்ந்து ஏழு நிறுவனங்களின் 238 ஊழியர்களிடம் தினமும் நாட்குறிப்பு எழுதி வாங்கினார். ஏறக்குறைய 12,000 பதிவுகள். நல்ல நாள் என்று ஊழியர்கள் உணர்ந்த நாட்களில் எல்லாவற்றையும்விட அதிகமாகக் காணப்பட்டது, செய்யும் வேலை கொஞ்சமாவது முன்னே நகர்ந்திருந்ததுதான் என்று 2011இல் வெளியான அவர்களுடைய நூல் சொல்கிறது.

நோட்டில் என்ன எழுதுவது?

பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் இளைஞராக இருந்தபோது 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டு ஒரு சிறு நோட்டு போட்டார். வாரத்துக்கு ஒரு பண்பு. தவறிய நாளில் கட்டத்தில் கறுப்புப் புள்ளி. 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் அதிகம் என்று கண்டு வியந்ததையும், புள்ளிகள் மெல்லக் குறைந்ததையும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முழுமையை எட்டவில்லை என்பதையும் ஒளிக்கவில்லை. அந்த நோட்டில் வேறு யாருடைய பெயரும் இல்லை.

இன்று தொடங்க நினைப்பவருக்கு 13 தேவையில்லை, ஒன்று போதும். எண்ணாகச் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். ‘நன்றாகப் பாடவேண்டும்’ என்பதை எண்ணமுடியாது. வர்ணத்தை இரண்டாம் காலத்தில் எத்தனை இடத்தில் தடுமாறாமல் பாடமுடிகிறது என்பதை எண்ணலாம். ‘ஆங்கிலம் பேசவேண்டும்’ என்பதற்குப் பதில், எழுதிவைக்காமல் எத்தனை நிமிடம் பேசமுடிகிறது என்று கைப்பேசியில் பதிவுசெய்து வைக்கலாம். பழைய பதிவின் குரல் நினைவைப் போலப் பொய் சொல்லாது. அளக்கும் நேரமும் சூழ்நிலையும் மாறாமல் இருக்கவேண்டும். இடையில் காய்ச்சல், இடமாற்றம், வீட்டில் விசேஷம் என்று எது வந்தாலும் பக்கத்தில் ஒரு வரி எழுதிவைக்கவேண்டும். பின்னால் கோடு ஏன் படுத்தது என்று தெரிய அது உதவும்.

தினமும் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தில் எதுவும் தெரியாது. ஊட்டச்சத்துத் திட்டத்தார் கொடுத்ததுபோல 90 நாள் கொடுத்துப் பார்க்கலாம். எண் ஏறியிருந்தால் அதே முறையைத் தொடரலாம். ஏறவில்லை என்றால் இன்னும் கடுமையாக உழைப்பதா என்று யோசிப்பதற்கு முன், முறையை மாற்றிப் பார்க்கவேண்டும், அல்லது தெரிந்த ஒருவரிடம் நோட்டைக் காட்டிக் கேட்கவேண்டும். அப்படிக் காட்டும்போது அவருடைய எண்ணைக் கேட்காமல், அவர் எப்படிப் பழகினார் என்று கேட்பது உபயோகமாக இருக்கும்.